நாற்பத்தேழாவது ஆள்

பலெர்மோ
10 யூன் 2007

அன்பு மகள் கேசிகாவுக்கு,

போன ஞாயிறு நாங்கள் கதைத்துக்கொண்டிருக்கும்போது ரெலிபோன் காட் முடிந்ததா, அல்லது நீ வைத்தாயா என்று எனக்கும் அம்மாவுக்கும் இன்னும் வழக்கு நடக்கிறது. காட் முடிந்தது என்பது அம்மாவின் கட்சி. அவள் எப்போதும் உன் பக்கம்தான். போனில் நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கதைக்கிறோம், ஒருவருக்கும் ஒன்றும் விளங்குவதில்லை. கடிதம் என்றால் நான் முடிக்கும்வரை நீ வாய் திறக்க ஏலாது. அதுதான் பேனை எடுத்தேன். எட்டாம் வகுப்புத் தமிழ், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

விசயம் இதுதான். கொன்ஸ்ரன்ரைன் அண்ணை வருகிற ஓகஸ்டில் லூர்து மாதாவிடம் பஸ் விடுகிறார். வேதக்காரரைவிட நம் சைவக்காரர்தான் முதலில் பெயர் கொடுத்தார்கள். லூர்து முடிந்து மேலே பாரிசுக்கும் போய்த் திரும்புவதாகத் திட்டம். என்னென்ன பார்க்க வேண்டும் என்று அண்ணை கேட்டார், எங்கள் போர்கோ வெக்கியோப் பகுதியே கூடிவிட்டது. எல்லாருக்கும் ஈபிள் கோபுரம். பெண்களுக்கு வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபம், அதைவிட லா ஷப்பலின் சேலைக்கடை. நாகபூசணி அக்காவின் புருசன் பத்மநாதனுக்கு நெப்போலியனின் சமாதி. ஏன் என்று கேட்டால், "அவனும் எங்களை மாதிரி ஒரு தீவான்தானே!" என்கிறார்.

நான் கேட்டது ஒரேயொரு இடம். நீ வேலை செய்கிற அந்த ஆற்றின் மேலுள்ள மாளிகை. ஷெனோன்சோ. பெயரைச் சொல்லப் பழகவே எனக்கு ஒரு கிழமை பிடித்தது.

நாங்கள் பஸ்ஸில் போனால் எல்லாருடைய பாஸ்போட்டும் பெர்மெசோ வதிவிட அனுமதியும் ஒரே பையில், ஒரே ஆளிடம் இருக்கும் என்பது உனக்குத் தெரியும்தானே. பொலிஸ் ஏறினால் அந்த ஆள் பையை நீட்டுவார். இல்லாவிட்டால் ஒவ்வொருவரும் இடியப்பப் பார்சலுக்குள் கைவிட்டுக் கிண்டவேண்டும். இந்த முறை பைக்குப் பொறுப்பு நான். "பலெர்மோவிலை ஆளுக்கு அவ்வளவு பஞ்சமோ?" என்று அம்மா கேட்டாள்.

என்னுடைய பெர்மெசோ முடிந்துவிட்டது. புதுப்பிக்கத் தபால் கந்தோரில் கொடுத்திருக்கிறேன், கையில் ரிசீற்றுத் துண்டு இருக்கிறது. அது ஒரு பெரிய விசயமில்லை. நீ அதை யோசிக்காதே.

நீ அங்கே சனத்துக்கு என்னதான் சொல்கிறாய் என்று எழுது. வருமுன் படித்துக்கொள்கிறேன்.

அன்பு அப்பா,
தில்லையம்பலம்

தூர், பிரான்ஸ்
24 யூன் 2007

அன்புள்ள அப்பா,

காட் முடியவில்லை. நான்தான் வைத்தேன். அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் பெரிய விசயம் என்று நீங்கள் எழுதியதெல்லாம் சின்ன விசயம். சின்ன விசயம் என்று கடைசியில் ஒளித்து வைத்திருக்கிறீர்களே, அதுதான் பெரிய விசயம். அந்த ரிசீற்றோடு இத்தாலிக்குள் இருக்கலாம். நேரே விமானம் ஏறி ஊருக்குப் போய் வரலாம். பிரான்சுக்குள் வர ஏலாது. பிடித்தால் திருப்பி அனுப்புவார்கள், உங்கள் பெயரைப் பதிவார்கள். பிறகு குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் புதுப்பிக்கக் கொடுத்ததுக்கு என்ன நடக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. பெர்மெசோ இல்லாவிட்டால் நீங்கள் பராமரிக்கிற சினோரா உங்களை வேலையில் வைத்திருக்க முடியாது. அம்மா மட்டும் பலெர்மோவில் தனிய இருப்பாவா? தயவுசெய்து பையை வேறு யாரிடமாவது கொடுங்கள். அம்மா வரட்டும், அவவின் பெர்மெசோ சரியாக இருக்கிறது. நீங்கள் அடுத்த வருசம் வரலாம்.

என்ன சொல்கிறேன் என்று கேட்டீர்கள். இத்தாலியரின் குழுக்களை எனக்குத் தருகிறார்கள். என் இத்தாலியன் பேச்சைக் கேட்டதும், "நீ பலெர்மோக்காரியல்லவா!" என்று சிரிப்பார்கள். ஓம் என்பேன். பிறகு அந்த மாளிகையின் பெண்களைப் பற்றிச் சொல்வேன். ராசா அதைத் தன் காதலிக்குக் கொடுத்தார், அவள் ஆற்றின் குறுக்கே பாலம் கட்டினாள். ராசா செத்ததும் ராணி கத்தரீனா காதலியை வேறு மாளிகைக்கு அனுப்பிவிட்டு, அதே பாலத்தின் மேல் ஒரு நீண்ட மண்டபம் கட்டினாள். கத்தரீனா இத்தாலியில் இருந்து கலியாணம் முடித்துப் போனவள் என்றதும் என் குழு கைதட்டும்.

கடைசியாக யுத்தத்தைச் சொல்வேன். ஜேர்மன்காரர் பிரான்சைப் பிடித்தபோது அந்த ஆறுதான் எல்லை. மாளிகையின் முன்வாசல் ஜேர்மன்காரரின் பக்கம். மண்டபத்தின் மறு நுனியில் இருக்கிற கதவு அவர்கள் பிடிக்காத பக்கம். ஆட்களை ஒளித்து இந்த வாசலால் எடுத்து அந்தக் கதவால் விட்டிருக்கிறார்கள். இதைச் சொல்லும்போது மட்டும் எல்லாரும் படம் எடுப்பதை நிறுத்துவார்கள்.

இங்கே எனக்கு ஓகஸ்ட் முடியும்வரைதான் வேலை. ஒக்ரோபரில் கனடாவில், மொன்றியலில், படிக்க இடம் கிடைத்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் அன்று போன் எடுத்தேன்.

கேசிகா

பலெர்மோ
16 யூலை 2007

அன்பு மகளுக்கு,

நேற்று முந்தின நாள் சாந்தா ரொசாலியாவின் திருவிழா. அம்மாவும் நானும் நெருக்கத்துக்குள் நின்று வாணவேடிக்கை பார்த்தோம். அம்மா மொன்றியலை நினைத்து அழுதாள், நான் புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

உன் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். அந்த மண்டபத்துக் கதையை மட்டும் அதற்கு மேலும். சும்மா சொல்லக்கூடாது, நல்ல கதை. அப்படியென்றால் பேப்பர் இல்லாத ஆட்கள் நீ நிற்கிற இடத்தால் போயிருக்கிறார்கள்தானே? ஒரு வழக்கம் இருக்கிற இடமாய்த் தெரிகிறது. கத்தரீனாவிடமும் ஒருவரும் பெர்மெசோ கேட்டிருக்க மாட்டார்கள்.

கொன்ஸ்ரன்ரைன் அண்ணையின் கணக்கு இது: பஸ் நிறையப் பெண்களும் மாதாவின் படமும் இருந்தால் எல்லையில் முதல் நான்கு சீற்றைத்தான் பார்ப்பார்கள். நான் கடைசிச் சீற்றில் போர்வையால் மூடிக்கொண்டு படுக்க வேண்டும். கேட்டால், "காய்ச்சல்காரன், மாதாவிடம் கூட்டிக்கொண்டு போறம்" என்று நாகபூசணி அக்கா சொல்லுவா. நடிப்பு அவவுக்கு நல்லாய் வரும். எனக்குப் படுப்பது நல்லாய் வரும். பகேரியாவில் நான் பார்க்கிற சினோராவிடம் சொன்னேன். தன் செத்துப்போன புருசனின் தொப்பியைத் தந்து, "இதைப் போட்டால் நீ கொஞ்சம் கிரேக்கன் மாதிரி" என்றா. கண்ணாடியில் பார்த்தேன். கத்தரிக்காய்க்குத் தொப்பி போட்ட மாதிரி.

கேசிகா, அடுத்த வருசம் என்று எழுதியிருக்கிறாய். அடுத்த வருசம் நீ அங்கே நிற்பாயா? மொன்றியலில் பனியைக் காட்டுவாயோ? நீ ஒரு கொடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்க, படித்த வெள்ளைக்காரர் உன் பின்னால் வந்து, நீ நிற்கச் சொன்ன இடத்தில் நிற்பதை எனக்கு ஒருக்கால் பார்க்க வேண்டும். வீட்டில் நான் சொல்லி ஒரு பூனைகூட நிற்பதில்லை.

ஆனபடியால் வருகிறேன். கோபிக்காதே.

அப்பா

தூர்
30 யூலை 2007

அப்பா,

நான் உங்களுக்குச் சொன்னது சரித்திரம். வழி சொல்லவில்லை.

போன மாதம் ஒரு குழுவை அழைத்துக்கொண்டு எல்லை ஊரான வென்டிமிலியாவில் இருந்து ரெயினில் வந்தேன். பிரான்சில் முதல் ஸ்டேசனில் பொலிஸ் ஏறினார்கள். வெள்ளைக்காரர் ஒருவரையும் கேட்கவில்லை. என்னைக் கேட்டார்கள், எனக்குப் பின்னால் இருந்த ஒருவரைக் கேட்டார்கள். அவரிடம் ஒரு துண்டு இருந்தது, நான்காக மடித்து. அதை விரிக்கும்போது அவர் சிரித்துக்கொண்டே ஏதோ பகிடி சொன்னார். அவர்கள் சிரிக்கவில்லை. இறக்கிக்கொண்டு போனார்கள். அவருடைய பை என் தலைக்கு மேல் தட்டிலேயே போனது.

உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் எனக்கு அவர்தான் ஞாபகம் வந்தார்.

நீங்கள் வந்தால் நான் வாசலில் நிற்க மாட்டேன். குழுவை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன். சத்தியமாக. பதினெட்டாம் திகதி காலை பத்து மணிக்கு நுழைவுச்சீட்டுப் பதிந்திருக்கிறேன். நாற்பத்தேழு என்று போட்டிருந்தேன். நாற்பத்தாறு என்று மாற்றிவிட்டேன்.

கேசிகா

அம்மாவிடம் கொஞ்சம் மிளகாய்த்தூள் கொடுத்து விடுங்கள்.

வென்டிமிலியா ஸ்டேசன்
12 ஓகஸ்ட் 2007

கேசிகா பிள்ளைக்கு,

ஸ்டேசனுக்கு எதிரே உள்ள கோப்பிக் கடையில் இருந்து எழுதுகிறேன். தாள் கடைக்காரி தந்தது. ஒரு விசர் வேலை பார்த்துவிட்டேன்.

கப்பலில் ஜெனோவா வந்து, அங்கே இருந்து கடலோரமாய்ப் பஸ் வந்தது. எல்லை கிட்ட வந்ததும் நான் கடைசிச் சீற்றில் போர்வைக்குள் போய்விட்டேன். ஓகஸ்ட் வெயில். புட்டுக்குழலுக்குள் இருந்தால் எப்படி இருக்கும் என்று இப்போது சொல்ல முடியும். முன்னால் ஆட்கள் பாட்டை நிறுத்திவிட்டார்கள். அம்மா நயினாதீவு அம்மனையும் சாந்தா ரொசாலியாவையும் ஒரே மூச்சில் கூப்பிட்டாள். பிறகு போர்வைக்கு மேலால் என் காலைப் பிடித்தாள்.

"இஞ்சாருங்கோ, எனக்குக் கை நடுங்குது."

அவள் சொல்லாவிட்டாலும் தெரிந்தது.

எழும்பி, "அண்ணை, என்னை இறக்கி விடுங்கோ" என்றேன். எல்லைக்கு முன் பெருந்தெருவின் கடைசி வெளிவழியால் வந்து ஸ்டேசனடியில் இறக்கினார்கள். ஒருவர்கூட, "வேண்டாம், இருங்கோ" என்று சொல்லவில்லை. அதைக் கவனித்தேன். பத்மநாதன் மட்டும், "நெப்போலியனுக்கு உம்மடை சுகத்தைச் சொல்லுறன்" என்றார். அம்மாவும் இறங்கப் பார்த்தாள். "நீ போ, பிள்ளை தனிய நிற்கும்" என்று ஏற்றிவிட்டேன். பஸ் போய்விட்டது. கை காட்டினேன், தொப்பியையும் ஆட்டினேன். நல்ல காரியம் செய்த மனிதன் மாதிரி வந்து ஒரு கோப்பி சொன்னேன்.

சில்லறை எடுக்கக் கையை விட்டபோது நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு வார் தட்டுப்பட்டது.

பை. பிள்ளை, பை என்னிடம். எல்லாருடைய பாஸ்போட்டும் பெர்மெசோவும், அம்மாவின்ரையும் சேர்த்து, என் மடியில் இருக்கிறது. பேப்பர் இல்லாத ஒருவனால் எல்லாருக்கும் இடைஞ்சல் வேண்டாம் என்று இறங்கினேன். இப்போது முழு பஸ்ஸும் பேப்பர் இல்லாமல் பிரான்சுக்குள் ஓடுகிறது.

என் போன் அம்மாவின் கைப்பைக்குள். ஒருவருடைய நம்பரும் எனக்குப் பாடமில்லை. நம்பரெல்லாம் போனுக்குத்தான் தெரியும். எனக்குப் பாடமாக இருப்பது உன் விலாசம் மட்டும்தான், கடிதம் எழுதி எழுதி. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். இது உன்னிடம் வந்து சேரும்போது எது நடக்கவேண்டுமோ அது நடந்து முடிந்திருக்கும். ஆனால் வேறு என்ன செய்ய?

நீஸ் போகிற ரெயின் மேடையில் நிற்கிறது. ஏறினால் அவர்களை எங்கேயாவது பிடிக்கலாம். இப்போது எனக்கு ஒரு சாட்டும் இருக்கிறது. மேடைவரை போனேன். பைக்குள் ஒருக்கால் பார்த்தேன். கொன்ஸ்ரன்ரைன் அண்ணை படத்தில் கள்ளன் மாதிரி. அம்மா வாயை இறுக்கி மூடிக்கொண்டு. எல்லாருடைய முகமும் என்னைப் பார்த்தது. நீ எழுதிய அந்த ரெயின்காரன் ஞாபகத்துக்கு வந்தான். இந்தப் பையோடு என்னைப் பிடித்தால் எதைக் காட்டுவேன்? மற்றவர்களின் முகங்களையா? திரும்பி வந்துவிட்டேன். ரெயின் போகிறது.

அவர்கள் கவனித்திருப்பார்களா? கவனித்தாலும் திரும்பி வரும் வழியில் மறித்தால்?

வெளியே ஒரு பஸ்ஸின் சத்தம் கேட்கிறது. எங்களுடைய பஸ்தான். முன்னால் பொலிஸ் கார், நீல விளக்கோடு. நிறுத்துகிறேன்.

தூர்
20 ஓகஸ்ட் 2007

அன்புள்ள அப்பா,

உங்கள் வென்டிமிலியாக் கடிதம் இன்றுதான் வந்தது. அதற்குள் அம்மா எல்லாம் சொல்லிவிட்டா. ஆனாலும் கடைசி வரியை வாசித்ததும் கதிரையில் இருந்துவிட்டேன்.

உங்களுக்குச் சொன்னார்களோ தெரியாது, எல்லையில் அன்று ஒருவரும் பஸ்ஸை நிறுத்தவில்லை. நேரே போயிருக்கிறார்கள். நீஸுக்குக் கிட்ட கொன்ஸ்ரன்ரைன் மாமா மாதாவுக்கு நன்றி சொல்லி ஒரு செபம் சொன்னாராம். செபத்தின் நடுவில் கண்ணைத் திறந்து, "பை எங்கை?" என்றாராம். டிரைவர் சிசிலியனில் சொன்ன சொல்லை அம்மா எனக்குச் சொல்ல மாட்டேன் என்கிறா. திரும்பி இத்தாலிக்குள் வந்தபோதுதான் பொலிஸ் மறித்தது. அம்மாதான் இறங்கிக் கதைத்தாவாம்.

"எங்கடை பேப்பரெல்லாம் என்ரை மனுசனிட்டை."

"அவர் எங்கே?"

"ஸ்டேசனிலை."

"ஏன் உங்களோடு வரவில்லை?"

"அவரிட்டைப் பேப்பர் இல்லை."

அந்தப் பொலிஸ்காரன் இதை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டானாம். பிறகு சிரித்துக்கொண்டு முன்னால் வந்திருக்கிறான். நீங்கள் கடை வாசலில் நெஞ்சோடு பையைக் கட்டிப்பிடித்தபடி, தொப்பியோடு, இரண்டு கையையும் உயர்த்தலாமா விடலாமா என்று நின்றீர்களாம். அம்மா இதைச் சொல்லும்போது சிரித்தா. பையை வாங்கிக்கொண்டு பஸ் திரும்பப் புறப்பட, நீங்கள் தனிய நின்றதைச் சொன்னதும் அழுதா.

நீங்கள் அந்த ரெயினில் ஏறவில்லை. அதை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

பதினெட்டாம் திகதி வாசலில் நான்தான் நின்றேன். மற்ற ஆளிடம் குழுவைக் கொடுப்பேன் என்றது பொய். நாற்பத்தாறு என்று மாற்றியதும் பொய். ஒவ்வொருவராக உள்ளே விட்டு எண்ணினேன். தெரிந்தும், கடைசி ஆள் வந்த பிறகும் கொஞ்சம் பின்னால் பார்த்தேன்.

அப்பா, நான் முதல் தடவையாக அந்த இடத்தைத் தமிழில் சொன்னேன். தடுமாறிப் போனேன். இத்தாலியனில் தண்ணீராய் வருகிறது, தமிழில் ராசாவின் காதலி என்றதும் கொன்ஸ்ரன்ரைன் மாமா கூரையைப் பார்க்கிறார். மண்டபத்துக்குள் வந்தோம். கறுப்பும் வெள்ளையுமாய்ச் சதுரக் கல் பதித்த தரை. இரண்டு பக்கமும் யன்னல், கீழே ஆறு. யுத்தக் கதையைத் தொடங்கினேன். இந்த வாசல் அவர்களின் பக்கம், அந்தக் கதவு அவர்கள் பிடிக்காத பக்கம் என்று சொன்னதும் நாகபூசணி அன்ரி கேட்டா:

"அப்ப கிளாலி மாதிரியோ, பிள்ளை?"

நான் அதை நினைத்ததே இல்லை. இவ்வளவு நாளும் எத்தனையோ பேருக்குச் சொல்லியும் நினைக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் இருந்து கிளாலிக் கடலால் வள்ளத்தில் இருட்டுக்குள் வந்தோமே, எனக்கு ஒன்பது வயது. உங்கள் மடியில் இருந்தேன். நேவி சுடும் என்று எல்லாரும் குனிந்திருக்க, நீங்கள் என் காதுக்குள் பகிடி விட்டுக்கொண்டே வந்தீர்கள். என்ன பகிடி என்று ஞாபகமில்லை. உங்கள் நெஞ்சு அடித்தது ஞாபகம் இருக்கிறது. பயந்தால் நீங்கள் பகிடி விடுவீர்கள். உங்கள் யூலைக் கடிதம் முழுக்கப் பகிடி. அதனால்தான் நான் அப்படிக் கோபித்து எழுதினேன்.

மிச்சத்தை என்னால் சொல்ல முடியவில்லை. "ஓம் அன்ரி, கிளாலி மாதிரித்தான்" என்று மட்டும் சொன்னேன். ஆட்கள் ஒவ்வொருவராய் அந்தக் கதவால் மெதுவாக மற்றக் கரைக்கு இறங்கினார்கள். பத்மநாதன் மாமா தொப்பியைக் கழற்றிவிட்டுப் போனார். உங்கள் தொப்பியாம், வென்டிமிலியாவில் கொடுத்தீர்களாம்.

நாற்பத்தேழாவது சீட்டை இதற்குள் வைத்திருக்கிறேன். கிழிக்கவில்லை.

செப்ரெம்பர் இருபதாம் திகதி பலெர்மோவுக்கு வருகிறேன். ஒரு கிழமை நிற்பேன். பிறகு மொன்றியல்.

கேசிகா

பகேரியா
3 செப்ரெம்பர் 2007

அன்பு மகளுக்கு,

சீட்டுக் கிடைத்தது. என்னிடம் இப்போது இரண்டு துண்டுகள் இருக்கின்றன. ஒன்று போக விடாத துண்டு, மற்றது போகாமல் விட்ட துண்டு. இரண்டையும் ஒரே பையில் வைத்திருக்கிறேன், என்னுடைய சொந்தப் பையில். அந்தப் பெரிய பையை, பஸ்ஸில் வந்த ஆனந்தராசாவிடம் கொடுத்துவிட்டார்கள். இனி எனக்குத் தேங்காய்கூட நம்பித் தரமாட்டார்கள். பல்லரோச் சந்தையில் மீன்காரன்வரைக்கும் கதை போய்விட்டது. என்னைக் கண்டதும், "பேப்பர் இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் மீனை நிறுக்கிறான்.

குவெஸ்தூராவில் இருந்து கடிதம் வந்திருக்கிறது. விரல் அடையாளம் எடுக்க ஒக்ரோபரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். நீ போன பிறகு. அதற்குப் பிறகும் எவ்வளவு காலம் என்று தெரியாது. கிடைக்குமா என்று அம்மா தினமும் கேட்கிறாள். கிடைக்கும் என்று தினமும் சொல்கிறேன். இந்த இடத்தில் ஒரு பகிடி எழுதி வெட்டிவிட்டேன். நீதான் அதன் குட்டை உடைத்துவிட்டாயே.

கிளாலியில் நான் என்ன சொன்னேன் என்று எனக்கும் ஞாபகமில்லை. நீ நித்திரை என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

சினோராவின் வீட்டில் வாசலில் இருந்து குசினிவரைக்கும் ஒரு நீண்ட நடை உண்டு. அங்கேயும் கறுப்பு வெள்ளைத் தரைதான். நேற்று அவவைச் சக்கர நாற்காலியில் வைத்து, உன் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, வாசலில் இருந்து தொடங்கினேன். தமிழில் வாசித்து என் இத்தாலியனில் சொன்னேன். காதலி வந்தாள், ராணி வந்தாள். "இத்தாலிக்காரி என்றால் அப்படித்தான்" என்று சினோரா சந்தோசப்பட்டா. பாதி வழியில் ஆற்றைக் காட்டினேன். அவ எட்டிப் பார்த்தா. பிறகு ஜேர்மன்காரர் வந்தார்கள். அவவுக்கு அந்தக் காலம் தெரியும். நாற்காலியை மெதுவாய்த் தள்ளினேன். குசினிக் கதவடிக்கு வந்துவிட்டோம்.

"திற, பார்ப்போம்" என்றா.

கைப்பிடியில் கை வைத்தேன். உள்ளே அடுப்பும் குப்பை வாளியும்தான் இருக்கின்றன, அது எனக்கும் தெரியும், அவவுக்கும் தெரியும். ஆனாலும் திறக்கவில்லை.

"அது வழிகாட்டியின் வேலை, சினோரா. இருபதாம் திகதி வருகிறா."

வரும்போது அந்தக் கொடியைக் கொண்டு வா. சீட்டை வாசலில் நீயே கிழி.

அப்பா